முழு ஒளியையும் எழுதிக்கொள்ளும் நுண்ணோக்கி

குருதித் துளி ஒன்றைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிய படலமாகப் பரப்பி, உலர விட்டு, மெதனாலில் தோய்த்து, சாயம் வார்த்துக் கழுவிய பின்னரே அதனை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்ப்பர். மலேரியா ஒட்டுண்ணியைத் தேடும் ஆய்வுக்கூடங்களில் நூறாண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் முறை இதுவே. ஜெர்மனி நாட்டு ஹாம்பர்க் நகரில் குஸ்தாவ் கீம்சா என்னும் வேதியியலார் 1904-ஆம் ஆண்டில் செம்மைப்படுத்தி வெளியிட்ட சாயம் இன்றளவும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அச்சாயம் பட்டதும் ஒட்டுண்ணியின் உட்கரு செந்நிறமாகவும், அதனைச் சூழ்ந்த பகுதி நீலமாகவும் தோன்றும். மலாயாத் தோட்டங்களின் பழைய வரலாற்றை அறிந்தோர்க்கு, அந்தச் சிறு செம்புள்ளி எத்துணை வீடுகளின் விளக்கை அணைத்தது என்று எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

ஆனால் சாயம் ஏன் வேண்டும்? நுண்ணோக்கி ஒரு பொருளை ஆயிரம் மடங்கு பெருக்கிக் காட்டவல்லதாயிற்றே, பெருக்கினால் தெரிந்துவிடாதா? தெரியாது. உயிரணு பெரும்பாலும் நீரும் நீரில் கரைந்த புரதமும் ஆகும். அது கண்ணாடி போன்று தெளிவானது. தெளிந்த நீரில் இட்ட கண்ணாடித் துண்டை எத்துணை பெரிதாக்கினாலும் அது தெளிந்த கண்ணாடியாகவே இருக்கும். ஆதலின் அதற்கு நிறம் ஊட்ட வேண்டியுள்ளது. நிறம் ஊட்டுவதற்கு முன் அதனைப் பதப்படுத்த வேண்டியுள்ளது. பதப்படுத்தும்போது உயிரணு இறந்துபடுகிறது. இவ்வாறு ஆய்வாளர் காண்பது உயிரணுவின் உடலத்தையே அன்றி உயிரணுவை அன்று. அது நீந்தியதோ, வீங்கியதோ, வளர்ந்ததோ, அதன் மேற்சவ்வு துடித்ததோ, இவை யாவும் சாயத்தோடு கழுவப்பட்டுவிடும்.

உயிரணுவைக் கொல்லாமலும் நிறம் ஊட்டாமலும் பார்ப்பது எங்ஙனம்? பார்ப்பதோடு நில்லாமல் அதன் தடிப்பை அளப்பதும், நீர்த்துளியினுள் அது மேலும் கீழும் நீந்தும் வழியைப் பின்தொடர்வதும் இயலுமா? இவ்வினாக்களுக்கு அண்மைக் காலத்தில் கிடைத்துள்ள விடைகளுள் ஒன்று, கணினி வழி இயங்கும் ஹோலோகிராம் நுண்ணோக்கி. அது செய்யும் வேலையைப் பற்றி மிகைபடப் பேசுவோரும் உளர். ஆதலின் அதன் அடிப்படையைச் சற்றுப் பொறுமையாக நோக்குதல் நன்று.

ஒளி சுமந்து வரும் இரு செய்திகள்

ஒளி ஓர் அலை. நீரலையைப் போன்று அதற்கும் மேடு பள்ளங்கள் உண்டு. அலையைப் பற்றி இரண்டு செய்திகளைக் கூறலாம். அதன் ஏற்ற இறக்கம் எவ்வளவு என்பது ஒன்று. இதனை வீச்சு என்பர். ஓரிடத்தை அடையும்போது அது மேட்டில் நிற்கிறதா, பள்ளத்தில் நிற்கிறதா, இரண்டிற்கும் இடையில் நிற்கிறதா என்பது மற்றொன்று. இதனைத் தமிழ்நாட்டுப் பௌதிக நூல்கள் கட்டம் என்றும், இலங்கை நூல்கள் அவத்தை என்றும் குறிக்கும்.

கண்ணும், ஒளிப்படச் சுருளும், இன்றைய கைப்பேசியின் உணர்தகடும் இவற்றுள் முதற்செய்தியை மட்டுமே பதிய வல்லவை. காரணம் எளிது. சிவப்பொளி நொடிக்கு ஏறத்தாழ 470 இலட்சம் கோடி முறை அதிர்கிறது. அவ்வளவு விரைவான அதிர்வை உடன் நின்று எண்ணக்கூடிய தகடு எதுவும் இல்லை. வந்து விழுந்த ஆற்றலின் சராசரியைத் தகடு பதிகிறது; அலை எந்நிலையில் வந்தது என்பதை விட்டுவிடுகிறது. எனவே உலகில் இதுவரை எடுக்கப்பட்ட சாதாரண ஒளிப்படம் ஒவ்வொன்றும் ஒளி கொண்டுவந்த செய்தியில் பாதியை இழந்த படமேயாகும்.

உயிரணுவின் செய்தி, இழக்கப்படும் அந்தப் பாதியில்தான் இருக்கிறது. இதற்கு ஓர் எடுத்துக்காட்டு: இரு தொழிலாளர் ஒரே நேரத்தில் வீட்டைவிட்டுப் புறப்படுகின்றனர். ஒருவர் செம்மண் சாலையிலேயே நடக்கிறார். மற்றவர் இடையில் சிறிது தொலைவு சேற்றில் இறங்கி நடக்கிறார். இருவரும் களைப்பின்றி வந்து சேர்கின்றனர். சேற்றில் நடந்தவர் மட்டும் சிறிது பிந்தி வருகிறார். வந்து நிற்பவரின் முகத்தைப் பார்த்து அவர் சேற்றைக் கடந்தார் என்று சொல்ல இயலாது. (கால் கழுவிக்கொண்டுதான் வந்தார் என்று கொள்க.) உடன் புறப்பட்ட தோழர் எப்போது வந்தார் என்பது தெரிந்தால், பிந்திய நேரத்தைக் கொண்டு சேற்றுவழியின் நீளத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

உயிரணுவைக் கடந்து வரும் ஒளி, சேற்றில் நடந்தவர் போன்றது. அதன் வலிமை குறைவதில்லை. நேரம் மட்டுமே பிந்துகிறது. எவ்வளவு பிந்துகிறது என்பதையும் கணக்கிடலாம். குருதியின் சிவப்பணு ஏறத்தாழ 8 மைக்ரோமீட்டர் குறுக்களவு உடையது. விளிம்பருகே அதன் தடிப்பு சுமார் 2 மைக்ரோமீட்டர். குழிந்த நடுப்பகுதியிலோ சுமார் 1 மைக்ரோமீட்டர். அதனுள்ளே ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.40, வெளியே உள்ள நீர்மத்தில் 1.34. வேறுபாடு 0.06. இவ்வேறுபாட்டை 2 மைக்ரோமீட்டரால் பெருக்கினால் 120 நானோமீட்டர் வரும். ஹீலியம்-நியான் லேசரின் சிவப்பொளிக்கு அலைநீளம் 633 நானோமீட்டர். ஆகவே விளிம்பைக் கடந்த ஒளி, பக்கத்தே வெறும் நீர்மத்தைக் கடந்த ஒளியைவிட ஓர் அலையின் ஐந்தில் ஒரு பங்கு பின்தங்குகிறது. நடுப்பகுதியைக் கடந்தது பத்தில் ஒரு பங்கே பின்தங்குகிறது. சிவப்பணுவின் உருவம் முழுவதும் இந்தப் பின்தங்கலில் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படிக்கும் கண்தான் இல்லை.

இக்குறையை முதலில் நீக்கியவர் நெதர்லாந்து நாட்டுக் குரோனிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரிட்ஸ் செர்னிகே. ஒளியின் பின்தங்கலை வெளிச்ச வேறுபாடாக மாற்றிக்காட்டும் சிறு தகடு ஒன்றை அவர் நுண்ணோக்கியினுள் பொருத்தினார். 1932-ஆம் ஆண்டில் அதனை யேனா நகருக்குக் கொண்டுசென்று ஜைஸ் நிறுவனத்தாரிடம் காட்டியபோது அவர்கள் அதற்கு மதிப்பளிக்கவில்லை. 1953-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அதே பணிக்காக அவருக்கு வழங்கப்பட்டது. செர்னிகேயின் முறையால் உயிருள்ள அணு கண்ணுக்குத் தெரிந்தது. ஆயினும், எவ்வளவு பிந்தியது என்னும் எண் அதிலிருந்து நேராகக் கிடைப்பதில்லை; பொருள்களின் ஓரங்களில் பொய்யான ஒளிவட்டமும் தோன்றும். காண்பதற்கு ஏற்ற கருவி அது. அளப்பதற்கு வேறொன்று வேண்டியிருந்தது.

காபர் கண்ட வழி

டென்னிஸ் காபர் 1900-ஆம் ஆண்டில் புடாபெஸ்ட் நகரில் பிறந்த ஹங்கேரியர். இங்கிலாந்தின் ரக்பி நகரில் பிரிட்டிஷ் தாம்சன்-ஹூஸ்டன் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிவந்தார். அவர் சிந்தனையில் அன்று இருந்தது உயிரணு அன்று. முப்பரிமாணப் படமும் அன்று. எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் வில்லை, பிழைபட்ட வில்லை. அதன் குறையால் அணுக்களைத் தனித்தனியே காண முடியாதிருந்தது. வில்லையைத் திருத்த இயலாதெனின், குறையுள்ள படத்தையே முழுச்செய்தியோடு பதிந்துகொண்டு பின்னர் ஒளியின் உதவியால் திருத்தினால் என்ன என்று அவர் எண்ணினார். 1947-ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில், டென்னிஸ் ஆடத் தம் முறைக்குக் காத்திருந்தபோது இக்கருத்து அவருக்குத் தோன்றியது என்பர். மறு ஆண்டு 'நேச்சர்' இதழில் அது சிறு கட்டுரையாக வெளிவந்தது.

கருத்தின் உயிர்நாடி, மேலே கூறிய தோழரே. பொருளைக் கடந்து வரும் அலையோடு, பொருளைத் தீண்டாத இன்னோர் அலையையும் தகட்டில் விழச் செய்ய வேண்டும். இரண்டும் ஒரே மூலத்திலிருந்து ஒன்றாகப் புறப்பட்டவையாக இருத்தல் வேண்டும். இரண்டின் மேடும் மேடும் சேருமிடத்தில் வெளிச்சம் மிகும். மேடும் பள்ளமும் சேருமிடத்தில் இருள் விழும். அவ்வொளி-இருள் கோலத்தைத் தகடு பதிந்துகொள்ளும். வீச்சை மட்டுமே பதிய வல்ல தகடு, இவ்வகையில் கட்டத்தையும் தன்னை அறியாமலே பதிந்துகொள்கிறது. பின்னர் அத்தகட்டின்மீது முதலில் வந்த அதே தோழமை ஒளியைப் பாய்ச்சினால், பொருளிலிருந்து வந்த அலை மீண்டும் உயிர்பெற்று எழுகிறது. பொருள் அங்கே இல்லை. பொருளிலிருந்து புறப்பட்ட ஒளி மட்டும் இருக்கிறது. கண்ணுக்கு இவ்விரண்டும் ஒன்றே.

காபர் தம் சோதனைக்கு எடுத்துக்கொண்ட நுண்படத்தில் பொறித்திருந்தவை மூன்று பெயர்கள்: ஹைகன்ஸ், யங், பிரெனெல். ஒளி அலையே என்னும் கொள்கையை வளர்த்து நிலைநாட்டிய மூவர் அவர்கள். ஆசிரியர்க்குச் செலுத்தும் வணக்கமாக இதனைக் கொள்ளலாம்.

சோதனை வெற்றி பெற்றதேனும் படம் தெளிவாக அமையவில்லை. அவரிடம் இருந்தது பாதரச விளக்கு. அதன் ஒளியலைகள் ஒழுங்காகச் சேர்ந்து நடப்பது ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு தொலைவே. மேலும் இரு அலைகளும் ஒரே நேர்கோட்டில் வந்தமையால், உண்மைப் படத்தின்மேல் அதன் இரட்டைப் பிறவி ஒன்றும் மங்கலாகப் படிந்துகொண்டது. 1960-ஆம் ஆண்டில் தியோடர் மெய்மன் லேசரை இயக்கிக் காட்டிய பின்னரே முதற்குறை நீங்கியது. அமெரிக்க மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எம்மெட் லீத், யூரிஸ் உபத்நீக்ஸ் ஆகிய இருவரும் தோழமை ஒளியைச் சற்றுச் சாய்வாக வரச்செய்யும் முறையை 1962-இல் வெளியிட்டனர். அதனால் இரட்டைப் பிறவி வேறு திசையில் விலகிப்போயிற்று. 1964-இல் அவர்கள் லேசர் கொண்டு காட்டிய பொம்மை இரயில் வண்டியின் உருவம் காண்போரைக் கையை நீட்டித் தொடத் தூண்டியது. காபருக்கு நோபல் பரிசு 1971-இல் வந்தது.

பெயரைப் பற்றி ஒரு சொல். ஹோலோகிராம் என்பதற்கு முப்பரிமாணப் படம் என்று தமிழில் எழுதுவோர் பலர். பழக்கத்தில் பொருந்தினும் சொல்லின் பொருளுக்கு அது பொருந்துவதில்லை. 'ஹோலோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு முழுமை என்பது பொருள். வீச்சு, கட்டம் ஆகிய இரண்டையும் விடாது முழுமையாக எழுதிக்கொள்வது என்பதே காபரின் கருத்து. முப்பரிமாணத் தோற்றம் அதன் விளைவுகளுள் ஒன்று. அதுவே அதன் இலக்கணம் ஆகாது. முழுமைப்பதிவு என்று கூறின் மாணவர்க்குக் கருத்து நேரே விளங்கும். மறைந்த பாடகரை மேடையில் பாடவைத்து ஹோலோகிராம் என்று விளம்பரம் செய்கின்றார்களே, அவற்றுள் பெரும்பாலானவை சாய்த்து நிறுத்திய தெளிந்த திரையில் விழும் எதிரொளியே ஆகும். பத்தொன்பதாம் நூற்றாண்டு நாடக மேடைகளில் பேய்க்காட்சிக்குப் பயன்பட்ட உத்தி அது. அங்கே கட்டமும் பதிவாவதில்லை, முழுமையும் இல்லை.

தகட்டின் இடத்தில் கணினி

ஒளிப்படத் தகட்டைக் கழுவி உலர்த்தி மீண்டும் லேசர் ஒளியில் நிறுத்துவது நாட்பொழுதை விழுங்கும் வேலை. உயிரணு அதுவரை காத்திராது. தோழமை ஒளியைப் பாய்ச்சி அலையை எழுப்பும் வேலையைக் கணக்கிட்டே செய்துவிட்டால் என்ன? அலை எவ்வாறு பரவும் என்பதற்குச் சமன்பாடுகள் உண்டல்லவா? 1967-ஆம் ஆண்டில் ஜோசப் குட்மன், இலாரன்ஸ் ஆகிய இருவரும் தொலைக்காட்சிக் குழாயால் பதிந்த ஹோலோகிராமிலிருந்து கணினியைக் கொண்டே படத்தை மீட்டனர். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் கூலி, டூக்கி என்போர் வெளியிட்ட விரைவுக் கணக்குமுறை இல்லையேல் அம்முயற்சி கைகூடியிராது. ஆயினும் அக்காலக் கணினிகளும் குழாய்களும் இப்பணிக்குப் போதுமானவையாக இல்லை. பெல் ஆய்வுக்கூடத்தில் 1969-இல் பிறந்த சி.சி.டி. என்னும் உணர்தகடு வளர்ந்து மலிவாகும் வரை காலம் கடந்தது. 1994-இல் ஜெர்மனியின் பிரேமன் நகரில் ஷ்னார்ஸ், யூப்ட்னர் இருவரும் அத்தகட்டிலேயே ஹோலோகிராமை நேராகப் பதிந்து எண்களிலிருந்து உருவத்தை எழுப்பினர். 1999-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் குய்ஷ், மார்க்கே, டெப்பர்சான்ஜ் ஆகியோர் ஒரே ஒரு ஹோலோகிராமிலிருந்து வீச்சுப் படத்தையும் கட்டப் படத்தையும் ஒருங்கே பெறும் வழியை நுண்ணோக்கியில் நிறுவிக் காட்டினர்.

கருவியின் அமைப்பு எளிதே. லேசர் ஒளியைப் பாதி ரசம் பூசிய கண்ணாடியொன்று இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு கதிர் உயிரணுக்களைக் கடந்து நுண்ணோக்கியின் வில்லை வழியே செல்கிறது. மற்றது வெறுமனே சுற்றி வருகிறது. இரண்டும் உணர்தகட்டின்மீது சிறு கோணத்தில் சந்திக்கின்றன. அங்கே விழும் படத்தைக் கணினித் திரையில் பார்த்தால் நெருங்கிய நேர்கோடுகள் தெரியும். உயிரணு இருக்குமிடத்தில் மட்டும் கோடுகள் சற்று நெளிந்திருக்கும். கோடு போட்ட கைலியில் ஓரிடத்தில் நூல் இழுபட்டாற் போன்று. எவ்வளவு நெளிந்ததோ அவ்வளவு ஒளி பிந்தியது என்பது பொருள். கணினி இந்நெளிவை ஒவ்வொரு புள்ளியிலும் அளந்து, எண்களாக்கி, மலைநாட்டு நிலப்படம் போன்ற மேடு பள்ளங்களாக வரைந்து தருகிறது.

நுண்ணோக்கிக்கும் இம்முறைக்கும் உள்ள பொருத்தம் தற்செயலானதன்று. ஒளிப்படத் தகடு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கோடுகளைப் பதிய வல்லது. உணர்தகட்டின் ஒவ்வொரு கட்டமும் 5 மைக்ரோமீட்டர் எனக் கொண்டால், ஒரு மில்லிமீட்டரில் 200 கட்டங்களே அடங்கும். ஒரு வெண்கோட்டுக்கும் ஒரு கருங்கோட்டுக்கும் குறைந்தது ஒவ்வொரு கட்டமாவது வேண்டுமாதலின், 100 கோட்டு இணைகளுக்கு மேல் அதனால் தாங்க இயலாது. அதற்கேற்பச் சிவப்பொளியில் இரு கதிர்களுக்கும் இடையே ஏறத்தாழ மூன்றரை பாகைக் கோணமே இருக்கலாம். பெரிய பொம்மையிலிருந்து சிதறி வரும் ஒளி இவ்வரம்பில் அடங்குவதில்லை. நுண்ணோக்கியின் வில்லையோ படத்தைப் பெரிதாக்கும் அளவிற்குக் கதிர்களின் சாய்வைக் குறைத்துவிடுகிறது. பொம்மை இரயிலைப் பதியத் திணறும் தகடு, சிவப்பணுவை எளிதாகப் பதிவது இதனால்தான்.

இன்னொரு நன்மையும் உண்டு. அதுவே உயிரியலாரைப் பெரிதும் கவர்ந்தது. மிகு ஆற்றலுள்ள நுண்ணோக்கியில் ஒரே வேளையில் தெளிவாகத் தெரியும் ஆழம் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு. நீர்த்துளியில் நீந்தும் உயிரி அதற்குக் கீழே இறங்கினால் மங்கி மறைந்துவிடும். திருகைச் சுழற்றி அதனைத் தேடுவதற்குள் அது வேறெங்கோ போயிருக்கும். ஹோலோகிராமிலோ அலை முழுவதும் எண்களாகக் கையில் இருக்கிறது. அந்த அலை 10 மைக்ரோமீட்டர் முன்னே எப்படி இருந்தது, 50 மைக்ரோமீட்டர் பின்னே எப்படி இருக்கும் என்று கணினியைக் கேட்டால் அது கணக்கிட்டுச் சொல்லும். கண்ணாடித் தகட்டைக் கழுவிவைத்து, சோதனைக் கூடத்தைப் பூட்டி, வீட்டுக்குப் போன பின்னரும் குவியத்தை மாற்றிக்கொண்டிருக்கலாம்.

நீந்துவோரைத் தொடர்தல்

இவ்வாற்றலின் சிறப்பைக் காட்டும் ஆய்வு ஒன்று 2007-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோசப் காட்ஸ் குழுவினரும் கடலுயிர் ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்தியது அது. கடல்நீரில் வாழும் டைனோபிளாஜெல்லேட் என்னும் ஓரணு உயிரிகள் இரண்டை எடுத்துக்கொண்டனர். ஒன்று கார்லோடினியம் வெனிபிகம்; மற்றொன்று பீஸ்டீரியா பிஸ்கிசிடா. இவை சாட்டை போன்ற இழைகளால் நீந்தி, தம்மினும் சிறிய உயிரிகளைப் பிடித்துண்பவை. கார்லோடினியம் பெருகினால் மீன்கள் மடியும். 2014-ஆம் ஆண்டில் ஜொகூர் நீரிணையில் கூண்டு மீன்கள் செத்து மிதந்தமைக்கு இதன் உறவினமாகிய கார்லோடினியம் ஆஸ்திரேல் காரணமெனக் காணப்பட்டமையால், இவ்வினத்தின் போக்கு இவ்வட்டாரத்தார்க்கும் தொடர்பற்றதன்று.

ஆய்வாளர் திரைப்படம் போன்று தொடர்ச்சியாக ஹோலோகிராம்களைப் பதிந்து, ஆயிரக்கணக்கான உயிரிகளின் வழியை ஒரே வேளையில் வரைந்தனர். இரை அருகில் இல்லாதபோது வேட்டை உயிரிகள் நீரில் ஒழுங்கின்றிப் பரவிக் கிடந்தன. இரையைக் கலந்ததும் அதனைச் சுற்றித் திரண்டன. இரண்டும் சுருள் வழியில் நீந்துவன. பீஸ்டீரியா சாதாரணத் திருகாணியின் போக்கில் வலத்திருகாக மட்டுமே சுழன்றது. கார்லோடினியம் வலமும் இடமும் ஆக இருவகையிலும் சுழன்றது. வியப்புக்குரிய வேறுபாடு வேட்டை முறையில் இருந்தது. விரைவாக நீந்தும் பீஸ்டீரியா, இரையை உணர்ந்ததும் மேலும் விரைந்து பாய்ந்து துரத்தியது. மெதுவாக நீந்தும் கார்லோடினியமோ தன் வேகத்தைக் குறைத்தது, சுருளைச் சுருக்கிக்கொண்டது, ஆனால் தன்னைத்தானே சுற்றும் விரைவைக் கூட்டியது. நீரில் அசைவு எழுந்தால் இரை உணர்ந்து விலகிவிடுமாதலின், அசைவைக் குறைத்துக்கொண்டே சுற்றுப்புறத்தைத் துழாவுகிறது என்று ஆய்வாளர் பொருள் கொண்டனர். ஓடித் துரத்தும் நாயையும் ஒடுங்கிப் பதுங்கும் பூனையையும் ஒரு துளிக் கடல்நீரில் கண்டாற் போலாகும். சாயமேற்றிய தகட்டில் இதனை எக்காலத்தும் கண்டிருக்க முடியாது.

வில்லையே இல்லாமலும் இது நடக்கும். கலிபோர்னியாவில் அய்தோகன் ஓஸ்கான் குழுவினர் நீர்ம மாதிரியை உணர்தகட்டின்மீதே நேராக வைத்து, விழும் நிழற்கோலத்தைப் பதிந்தனர். 2012-இல் அவர்கள் 1500-க்கு மேற்பட்ட மனித விந்தணுக்களின் வழியை அளந்தனர். நீந்துவனவற்றுள் நூற்றுக்கு நான்கைந்தே ஒழுங்கான சுருளில் சென்றன. அச்சுருள்களிலும் பத்தில் ஒன்பது வலத்திருகு. நூற்றுக்கு நான்கைந்து என்னும் சிறுபான்மையைக் கண்டறிய எத்தனை உயிரணுக்களை எண்ண வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால் இம்முறையின் பயன் விளங்கும்.

எடையும் எல்லையும்

கட்டப் படத்தில் தெரிவது உயிரணுவின் தடிப்பு என்று எழுதிவிடுவது எளிது. அது முழு உண்மையன்று. கருவி அளப்பது தடிப்பையும் ஒளிவிலகல் எண்ணின் வேறுபாட்டையும் பெருக்கிவந்த தொகையை. 12 என்னும் தொகையைக் கண்டு, அது மூன்றும் நான்கும் பெருக்கியதா, இரண்டும் ஆறும் பெருக்கியதா என்று கூற இயலாதது போன்றதே இதுவும். உயிரணுவினுள் நீர் ஏறி அது வீங்கும்போது தடிப்புக் கூடும்; ஆனால் உள்ளிருக்கும் புரதம் நீர்த்துப்போவதால் விலகல் எண் குறையும். படத்தை மட்டும் பார்த்தால் வீங்கிய அணு மெலிந்ததாகவும் தோன்றலாம். லோசான் குழுவினர் 2005-ஆம் ஆண்டில் இதற்கு ஒரு தீர்வு கண்டனர். அதே உயிரணுவை வெவ்வேறு விலகல் எண் கொண்ட இரு நீர்மங்களில் அடுத்தடுத்து வைத்து இருமுறை அளந்தால், இரு சமன்பாடுகள் கிடைக்கும். அவற்றிலிருந்து தடிப்பையும் விலகல் எண்ணையும் தனித்தனியே பிரித்துவிடலாம். பள்ளி இயற்கணிதம் இங்கே கை கொடுக்கிறது.

இக்குறையே மறுபுறம் ஒரு கொடையும் ஆகும். விலகல் எண் உயர்வது புரதம் முதலிய உலர்பொருளின் செறிவுக்கு ஏற்றபடியே என்பதை இங்கிலாந்தில் இராபர்ட் பேரர் 1952-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். அவ்வாறெனின், உயிரணுவின் பரப்பு முழுவதும் ஒளி பிந்திய அளவைக் கூட்டினால் அதிலுள்ள உலர்பொருளின் எடை கிடைத்துவிடும். ஒரு சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபின் சுமார் 30 பிகோகிராம். ஒரு கிராமை ஒரு இலட்சம் கோடியாகப் பங்கிட்டு 30 பங்கு எடுத்தால் வரும் அளவு அது. இத்தகைய எடையைத் தட்டும் கல்லும் இன்றி ஒளியே நிறுத்துக் காட்டுகிறது. வளரும் உயிரணுவை மணிக்கொரு முறை நிறுத்துப் பார்க்கலாம். அதற்குத் தெரியக்கூடத் தெரியாது.

நானோமீட்டர் என்னும் சொல்லையும் கவனமாகக் கையாள வேண்டும். இக்கருவி சில நானோமீட்டர் வரை நுட்பமாக அளக்கும் என்பது உயரத்தைப் பற்றிய கூற்று. பக்கவாட்டில் அருகருகே உள்ள இரு புள்ளிகளைப் பிரித்துக் காண்பதில் அது பழைய நுண்ணோக்கிகளின் வரம்பையே சார்ந்தது. சிவப்பொளியில் நடுத்தர வில்லையைக் கொண்டு ஏறத்தாழ அரை மைக்ரோமீட்டருக்குக் கீழே அதனால் பிரிக்க இயலாது. மேலும், ஒளி ஓர் அலைநீளத்துக்கு மேல் பிந்திவிட்டால் கணக்குக் குழம்பும். கடிகாரம் மூன்று மணி காட்டும். நேற்றைய மூன்றா இன்றைய மூன்றா என்று காட்டாது. தடித்த திசுக்களில் ஒளி பலமுறை சிதறிவிடுவதால் அங்கு இம்முறை சோர்ந்துவிடுகிறது. உயிரணுவின் உள்ளமைப்பை உண்மையான முப்பரிமாணத்தில் காண வேண்டுமெனின் ஒரு ஹோலோகிராம் போதாது. பல கோணங்களிலிருந்து ஒளியைப் பாய்ச்சிப் பல பதிவுகளை எடுத்து ஒன்றாக்க வேண்டும்.

அவ்வாறு பல கோணங்களில் அளந்த ஆய்வொன்று மலேரியாவைப் பற்றியது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1977-இல் பட்டம் பெற்றவரும், 2018 முதல் 2022 வரை சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவருமாகிய சுப்ரா சுரேஷ், அமெரிக்க மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்தபோது அங்குள்ள ஒளியியல் அறிஞரோடு சேர்ந்து 2008-இல் வெளியிட்டது. பிளாஸ்மோடியம் பால்சிபாரம் புகுந்த சிவப்பணுவை உயிரோடு அளந்தபோது, ஒட்டுண்ணி வளர வளர ஹீமோகுளோபின் குறைந்துவருவதும், ஓயாது துடிக்கும் மேற்சவ்வின் துடிப்பு ஒடுங்குவதும் எண்களாகத் தெரிந்தன. துடிப்பு ஒடுங்குகிறது எனின் சவ்வு விறைக்கிறது என்பது பொருள். விறைத்த அணு நுண்குழாய்களில் வளைந்து நுழைய மாட்டாமல் குருதியோட்டத்தைத் தடுக்கும். பால்சிபாரம் மலேரியா உயிருக்கு உலை வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனினும் கீம்சாவின் சாயத்தை ஆய்வுக்கூடத்திலிருந்து அகற்றிவிடலாம் என்று எவரும் கூறவில்லை. சாயம் தேர்ந்தெடுத்துப் பற்றுவது; உட்கருவை ஒரு நிறத்திலும் மற்றதை வேறு நிறத்திலும் காட்டுவது. ஒளியின் பின்தங்கலோ எல்லாப் பொருளையும் ஒன்றாகவே கணக்கில் சேர்க்கும். இவ்வளவு பொருள் இருக்கிறது என்று சொல்லும். இன்ன பொருள் என்று சொல்லாது. சாயத்துக்கும் ஓர் எல்லை உண்டு. சரவாக்கின் கப்பிட் பகுதியில் நுண்ணோக்கி கொண்டு பிளாஸ்மோடியம் மலேரியே எனக் குறிக்கப்பட்ட நோயாளிகள் பலரிடம் இருந்தது, குரங்குகளிலிருந்து தொற்றும் பிளாஸ்மோடியம் நோலெசி என்பதை 2004-ஆம் ஆண்டில் மரபணுச் சோதனையே வெளிப்படுத்தியது. உருவத்தில் இரண்டும் அத்துணை ஒத்திருந்தன. அதனால்தான் இன்றைய ஆய்வுக்கூடங்கள் சிலவற்றில் ஹோலோகிராம் நுண்ணோக்கியின் பீடத்திலேயே ஒளிரும் சாயங்களைக் காணும் அமைப்பையும் சேர்த்துப் பொருத்தியுள்ளனர். ஒரே உயிரணுவை முதலில் ஒளியால் நிறுத்துப் பார்த்துவிட்டு, அதன் பின்னர் ஒளிரும் சாயத்தால் அதன் பெயரைக் கேட்கின்றனர்.